யாருக்குப் பொருந்தும் விடை? ஆய்விலும் புத்தாக்கத்திலும் பால், பாலினம்

ஆய்வு முன்மொழிவு எழுதும் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் படிவத்தில் ஓர் இடத்துக்கு வந்ததும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். “இந்த ஆய்வில் பால், பாலின வேறுபாடுகளை எப்படிக் கவனத்தில் கொள்வீர்கள்?” என்ற கேள்வி அது. பால் என்றால் உடல் சார்ந்தது, பாலினம் என்றால் சமூக வாழ்க்கை சார்ந்தது; பின்னால் விரிவாகப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் நிதித் திட்டம் இதைக் கேட்கிறது. கனடாவின் சுகாதார ஆய்வு நிதி அமைப்பும் கேட்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் 2016 முதல் எலிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்குக்கூட இதைக் கேட்கிறது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டு வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்ய நினைக்கும் ஒருவர், என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் “ஆண்கள் பாதி, பெண்கள் பாதி எடுத்துக்கொள்ளப்படுவர்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒரு வரி போதாது. நீங்கள் கண்டுபிடிக்கப்போகும் விடை யாருடைய உடலில், யாருடைய அன்றாட வாழ்க்கையில் சரிபார்க்கப்பட்டது என்று அந்தப் படிவம் கேட்கிறது. ஆய்வு முடிந்த பிறகு இதை யோசித்துப் பயனில்லை. எதை அளக்கப்போகிறோம், யாரை அளக்கப்போகிறோம் என்று முடிவு செய்யும் நாளிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஏன் என்பதைச் சில உண்மைச் சம்பவங்களை வைத்துப் பார்ப்போம்.

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுதான், 10 மில்லிகிராம். 20 ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவைச் சரிபாதியாக, 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. பெண்களின் உடல் அந்த மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. 10 மில்லிகிராம் போட்டு 8 மணி நேரம் ஆன பிறகும், கார் ஓட்டுவதைக் கெடுக்கக்கூடிய அளவு மருந்து ஏறத்தாழ 15 சதவீதப் பெண்களின் இரத்தத்தில் இருந்தது. ஆண்களில் அது 3 சதவீதம். காலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே நெடுஞ்சாலையில் ஏறி வேலைக்குப் போகும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். இருபது வருடம் அவர் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கலாம்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு பின்னணி உண்டு. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அதே நிர்வாகம் 1977-ல் வழிகாட்டியிருந்தது. தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்த கொடுமையை உலகம் பார்த்திருந்த காலம் அது. பிறக்கப்போகும் குழந்தைகளைக் காப்பதுதான் நோக்கம். ஆனால் விளைவு என்ன? மருந்து பெண் உடலில் எப்படி வேலை செய்கிறது என்பது சோதனைக்கூடத்தில் தெரியவில்லை. விற்பனைக்கு வந்த பிறகு, வாங்கிப் போட்டுக்கொண்ட பெண்கள் மூலம்தான் தெரிந்தது. 1993-ல் அந்த வழிகாட்டுதலை மாற்றினார்கள். 1997-லிருந்து 2000 வரை அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளில் 8 மருந்துகள் பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து தந்தவை என்று அந்நாட்டு அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2001-ல் சொன்னது.

உடலும் வாழ்க்கையும்

ஆய்வுலகில் பால் என்று சொன்னால் உடலைப் பற்றிய பேச்சு: குரோமோசோம், ஹார்மோன், இனப்பெருக்க உறுப்புகள், இவற்றோடு வரும் உடற்கூற்று வேறுபாடுகள். பாலினம் என்று சொன்னால் சமூகத்தில் ஒருவர் வாழும் விதம்: யாருக்கு என்ன வேலை, என்ன உடை, கையில் எவ்வளவு காசு, எந்த நேரத்தில் எங்கே போகலாம், யார் பேச்சுக்கு மதிப்பு, ஒருவர் தன்னை யாராக உணர்கிறார். இரண்டும் ஒரே மனிதரிடம் பின்னிக் கிடப்பதால் குழப்பம் வருகிறது. உடலிலும் எல்லாரும் இரண்டே பெட்டிக்குள் அடங்கிவிடுவதில்லை. இடைப்பால் உடலோடு பிறப்பவர்கள் இருக்கிறார்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் இருக்கிறார்கள்.

மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்க, தோட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது.

ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மருந்தடித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அதில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். 15 லிட்டருக்கும் மேல் பிடிக்கும் பம்பை முதுகில் சுமந்து, ஈரப் புல்லுக்குள் நடந்து, பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளை அடித்தவர்கள். தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து 2002-ல் இந்தப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. மூக்கிலிருந்து இரத்தம் வடிவது, நகம் கெட்டுப்போவது, கண்ணெரிச்சல், தோல் அரிப்பு, தலைசுற்றல் என்று அவர்கள் சொன்னவை பதிவாயின.

இதில் பால் எங்கே இருக்கிறது? கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மருந்து உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியில் இருக்கிறது. ஆண் கையளவில் செய்த கையுறையும் ஆண் முகத்துக்குச் செய்த முகக்கவசமும் சிறிய கையிலும் சிறிய முகத்திலும் பொருந்தாமல் இடைவெளி விடுவதில் இருக்கிறது. பாலினம் எங்கே இருக்கிறது? மருந்தடிப்பு ஏன் பெண்கள் தலையில் விழுந்தது, மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) சொன்னால் மறுக்க ஏன் முடியவில்லை, போத்தலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை யாருக்குப் புரியும் மொழியில் இருந்தது என்பதிலெல்லாம் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மருந்து ஊறிய துணியை யார் துவைத்தார்கள்? அதே பெண்தான். கணவரும் தோட்டத்தில் வேலை செய்தால் அவருடைய துணியையும் சேர்த்து. தோட்டத் தொழிலாளியின் உடலில் எவ்வளவு நஞ்சு ஏறுகிறது என்று கணக்கிடும் ஆய்வாளர், காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று வேலை நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், துணி துவைத்த அந்த நேரம் கணக்கிலேயே வராது. தோட்டத்து வாசலில் வேலை முடிந்துவிடும் ஒரு மனிதரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. நல்ல கருவி வாங்கினாலும், அதிகம் பேரைச் சேர்த்தாலும் இந்தப் பிழை சரியாகாது. கேள்வியை அமைத்தபோதே விழுந்த பிழை.

பாராகுவாட்டைத் தடை செய்வதாக மலேசிய அரசு 2002-ல் அறிவித்தது, 2006-ல் அதைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1-ல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பெண்கள் அந்தப் பம்பைத் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

மோதல் பொம்மை

கார் மோதல் சோதனைகளில் உலகமெங்கும் உட்காரவைக்கப்படும் ஹைபிரிட் 3 பொம்மை 1976-ல் வந்தது. ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை. அமெரிக்கச் சராசரி ஆணின் உடல். பெண் பொம்மை என்று புழக்கத்தில் இருப்பது 150 சென்டிமீட்டர், 49 கிலோ. ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது, மிகச் சிறிய உடல்வாகு கொண்ட பெண்களைக் குறிப்பது. நடுத்தர உயரமுள்ள ஒரு பெண்ணுக்கென்றே, தோளும் இடுப்பும் உடற்பகுதியும் பெண்ணுடலின் வடிவத்தில் அமைந்த பொம்மையை சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022-ல் காட்டியது. 162 சென்டிமீட்டர், 62 கிலோ. பின்னாலிருந்து இடிபடும் விபத்தில் கழுத்து என்ன ஆகிறது என்று பார்க்க அது உருவானது.

மலேசியாவில் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் காஜாங்கில் இருக்கிறது. அதன் மோதல் சோதனைக்கூடம் மலாக்காவில். ஆசியான் என்கேப் என்ற கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டமும் 2011 முதல் இங்கிருந்துதான் நடக்கிறது. ஆக, இது எங்கோ நடக்கும் விஷயம் இல்லை. நம்மூர்ச் சராசரி ஆணே 175 சென்டிமீட்டர் உயரம் கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சீட் பெல்ட் போட்டிருந்தாலும், நேர்மோதலில் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் சாத்தியம் ஆணைவிட 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் கணக்கிட்டார்கள். இந்த எண் பல இடங்களில் எடுத்தாளப்பட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கற்றுக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2021-ல் விபத்துகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது. ஆண்கள் பெரிய, கனமான வண்டிகளை ஓட்டுவது அதிகம். போய் மோதும் வண்டியில் இருப்பதும் அதிகம். பெண்கள் சிறிய, லேசான கார்களில் இருப்பது அதிகம். ஒத்த வண்டி, ஒத்த மோதல் என்று எடுத்துக்கொண்டதும் ஆண் பெண் இடைவெளி நன்றாகக் குறைந்தது. முழுக்க மறையவில்லை. கால் காயங்களில் பெண்களுக்கான ஆபத்து அப்போதும் அதிகமாகவே நின்றது.

அதாவது, காயத்தில் ஒரு பகுதிக்கு உடல் காரணம், அது பால். இன்னொரு பகுதிக்கு வீட்டில் யாருக்கு எந்தக் கார் என்பது காரணம், அது பாலினம். தாமான் வீட்டு வாசலில் புதிய பெரிய எம்பிவியும் பழைய சின்ன ஆக்ஸியாவும் நின்றால், யார் எதை எடுத்துப்போவார் என்று நம்மில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். இரண்டையும் பிரிக்காமல் விட்டால் தீர்வும் தவறிப்போகும். முதலாவதற்கு பொம்மையும் பெடல் பகுதியும் மாற வேண்டும். இரண்டாவதற்கு, சின்னக் காரிலும் நல்ல பாதுகாப்பு வசதி கிடைக்க வேண்டும்.

ஆண்களும் இதில் அடக்கம்

இதைப் பெண்கள் விவகாரம் என்று ஒதுக்குபவர்கள் ஆண்களுக்கும் சேர்த்தே கெடுதல் செய்கிறார்கள்.

எலும்புத் தேய்மானம் என்றாலே மாதவிடாய் நின்ற பெண்களின் நோய் என்று நெடுங்காலம் பார்த்தார்கள். உலக அளவில் இடுப்பெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆண்களுக்கு ஏற்படுகிறது. முறிந்த பிறகு இறந்துபோகும் விகிதம் ஆண்களிடம்தான் அதிகம். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணமே வராததால் பலருக்கு எலும்பு முறிந்த பிறகுதான் நோய் தெரிகிறது. 1977-ல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லி தயாரித்த தொழிற்சாலையில், தங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் அந்த இரசாயனம் ஆண்களை மலடாக்குவது வெளியே வந்தது. பிள்ளைப்பேறு பாதிப்பு என்றால் பெண் உடலை மட்டும் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தைக் கேள்வி கேட்ட சம்பவம் அது.

நம் சமூகத்துக்கு வருவோம். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஆயுள் அட்டவணைகளில், பூமிபுத்ரா, சீனர், இந்தியர் என்று பிரித்துப் பார்த்தால், இந்திய ஆண்களின் ஆயுட்காலம்தான் ஆகக் குறைவு. உடல்கூறு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. அதே உடல்கூறு கொண்ட மற்ற ஆண்கள் அதிக நாள் வாழ்கிறார்களே. என்ன வேலை, எத்தனை ஷிப்ட், சிகரெட், மது, மோட்டார் சைக்கிள், கிளினிக்குக்கு எப்போது போகிறார் என்பதையெல்லாம் பார்க்காமல் பதில் கிடைக்காது. “ஆம்பளைக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை” என்று நெஞ்சுவலியோடு வேலைக்குப் போகும் அப்பாக்களை நாம் எல்லாரும் அறிவோம்.

நீரிழிவில் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதம். இதய நோய் வரும் ஆபத்தை நீரிழிவு ஆண்களுக்குக் கூட்டுவதைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகமாகக் கூட்டுகிறது என்று 2014-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. மாரடைப்பில் நெஞ்சுவலி இருபாலருக்கும் பொதுவான அறிகுறிதான். ஆனால் பெண்களிடம் அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத சோர்வு ஆகியவையும் அதிகமாக வருகின்றன. நீரிழிவுக்காரருக்கு வலியே தெரியாமலும் வரலாம். ஓர் அம்மா “வாயுத் தொல்லை” என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால், வீட்டில் எத்தனை பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஜிஎச்சுக்கு (அரசு மருத்துவமனைக்கு) ஓடுவார்கள்? இதய நோய் எச்சரிக்கைக்கு ஒரு செயலி உருவாக்கும் மாணவர், “நெஞ்சு வலிக்கிறதா?” என்ற ஒரே கேள்வியில் தொடங்கினால், அது அந்த அம்மாவைக் கைவிட்டுவிடும்.

எலி, ஆமை

அடிப்படை அறிவியலிலும் இதே கதை. உயிரியலின் 10 துறைகளில் 8-ல் ஆண் விலங்குகளையே அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று அனலீஸ் பீரியும் இர்விங் சக்கரும் 2011-ல் காட்டினார்கள். நரம்பியலில் பெண் விலங்கு மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று என்றால், ஆண் விலங்கு மட்டும் வைத்துச் செய்தவை 5.5. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சியால் முடிவுகள் அலைபாயும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2014-ல் 293 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் அலைபாயவில்லை. 2015-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு, நாட்பட்ட வலியை ஆண் எலியின் உடலும் பெண் எலியின் உடலும் வெவ்வேறு நோயெதிர்ப்பு அணுக்கள் வழியாகக் கடத்துகின்றன என்று கண்டது. ஆண் எலியில் மட்டும் சோதித்த வலி மருந்தை எல்லாருக்கும் பொருந்தும் என்று எப்படி நம்புவது?

மனிதர்களைத் தாண்டியும் இது நீளும். பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள், தெலுக் பஹாங்கிலிருந்து நடந்தோ படகிலோ போனால், பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. பச்சை ஆமைகள் அங்கே முட்டையிட வருகின்றன. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை குரோமோசோம் முடிவு செய்வதில்லை. முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் அதிகம், கீழே போனால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் வளரும் இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-ல் தெரியவந்தது. இத்தனை குஞ்சுகளைக் கடலில் விட்டோம் என்று எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்யும் பாதுகாப்புத் திட்டம், பிற்காலத்தில் இணை சேர ஆண் ஆமை இருக்குமா என்பதைச் சொல்லாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலை ஒரு ஆய்வு மாறியாக அறிமுகப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊரையும் கருவிகளையும் வடிவமைக்கும்போது

கேடிஎம் கொமுட்டர் ரயிலில் 2010 முதல் பெண்களுக்கான தனிப் பெட்டி உண்டு. தொல்லையில்லாமல் பயணம் செய்ய அது உதவுகிறது, தேவையானதும்கூட. ஆனால் பெண்ணின் பயணத்தைப் பற்றிய கேள்வி அதோடு தீர்ந்துவிடாது. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று இரண்டு பயணமாக மக்களை எண்ணும் போக்குவரத்து ஆய்வு, குழந்தைக் காப்பகம், சந்தை, மாமியாருக்கு மருந்து, டியூஷன் வகுப்பு என்று நாலைந்து இடங்களில் இறங்கி ஏறும் பயணத்தைப் பிடிக்காது. ஸ்பெயினைச் சேர்ந்த நகரத் திட்டமிடல் பேராசிரியர் இனேஸ் சாஞ்செஸ் டி மடரியாகா, இப்படிப் பிறரைப் பராமரிப்பதற்காகச் செய்யும் பயணங்களைத் தனி வகையாகவே எண்ண வேண்டும் என்று வலியுறுத்துகிறார். எண்ணினால்தான் எந்த நேரத்தில், எந்தக் குறுக்குவழியில் பேருந்து தேவை என்று தெரியும்.

பினாங்கில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012-ல் இரண்டு உள்ளாட்சி மன்றங்களோடு சேர்ந்து, பாலினப் பார்வையோடு மக்களும் பங்கெடுக்கும் வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கியது. தீவில் ஜாலான் சுங்கை அடுக்குமாடியும், பெருநிலத்தில் அம்பாங்கான் அடுக்குமாடியும் முன்னோட்ட இடங்கள். குடியிருப்பவர்களைக் குழு குழுவாகக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டு வாக்கெடுத்தார்கள். பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடிப்பவர் குரல் மட்டும் பதிவாவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மென்பொருளைப் பற்றி ஒன்று மட்டும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் 3 நிறுவனங்களின் மென்பொருளை ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை. பெண் என்று மட்டும் பிரித்திருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்காது, நிறம் என்று மட்டும் பிரித்திருந்தாலும் வந்திருக்காது. இரண்டையும் குறுக்கே வைத்துப் பார்த்ததால் வந்தது. தமிழ்ப் பெண்களுக்கு இந்த முடிவு யாரையோ பற்றியது இல்லை.

சரி, நாம் எப்படிச் செய்வது?

தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகம் வரை நம் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளில் ஆர்வமாகக் கலந்துகொள்கிறார்கள். ஒரு குழு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மேம்படுத்த நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் 1973 முதல் ஹெல்மெட் கட்டாயம். சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், பெரும்பாலோர் ஆண்கள்.

முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பிரச்சினையில் உடல் எங்கே, வாழ்க்கை எங்கே? தலைச்சுற்றளவு, கழுத்தின் வலு ஆகியவை உடல் சார்ந்தவை. கொண்டை, சடை, பூ, துடோங் (முக்காடு) ஆகியவை வாழ்க்கை சார்ந்தவை; இவற்றுக்கு மேலே போட்ட ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, வார் தளர்ந்து நிற்கும். பின்னால் உட்கார்பவர் யார், அவருக்கென்று சொந்த ஹெல்மெட் உண்டா, அல்லது வீட்டில் கிடக்கும் பழையதா? இளைஞர்கள் வாரைப் பூட்டாமல் ஓட்டுவதற்கு நண்பர்கள் முன்னால் தைரியம் காட்டுவது ஒரு காரணமா? இத்தனையும் கேள்விப் பட்டியலுக்குள் வர வேண்டும்.

அப்புறம் அளவீடு. சில நேரம் “ஆண், பெண்” என்பது வேறு ஏதோ ஒன்றுக்குப் பதிலாக நிற்கும். ஹெல்மெட்டுக்கு உண்மையில் தேவை தலைச்சுற்றளவு என்றால் அதையே நேராக அளந்துவிடுங்கள். பெரிய தலை கொண்ட பெண்ணும் சிறிய தலை கொண்ட ஆணும் இருக்கிறார்கள். பெண்களுக்கென்று இளஞ்சிவப்பில் ஒரு சிறிய ஹெல்மெட் செய்துவிட்டு வேலை முடிந்தது என்பது பிரச்சினையைத் தொடவே இல்லை.

கேள்வித்தாளில் பால் கேட்பதாக இருந்தால், பிறப்பில் பதிவான பால் என்ன, இப்போது தம்மை எப்படி அடையாளப்படுத்துகிறார் என்று இரண்டு கேள்வியாகக் கேட்பது நல்லது. பதில் சொல்ல விருப்பமில்லை என்ற வாய்ப்பும் இருக்கட்டும். உடல் சார்ந்த ஆய்வில் ஹார்மோன் சிகிச்சை எடுப்பவரை ஏதோ ஒரு பெட்டியில் தள்ளினால் முடிவே பிழையாகலாம். இரண்டாவது கேள்வி உங்கள் ஆய்வுக்குத் தேவையே இல்லை என்றால் கேட்காதீர்கள். கேட்டால் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். நம் நாட்டில் அந்த விவரம் வெளியே கசிந்தால் ஒருவருடைய வேலையும் குடும்பமும் ஆட்டம் காணலாம்.

கணக்குப் போடும்போது எல்லாரும் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் எண் பி மதிப்பு; வழக்கமாக அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் முடிவை ஏற்பார்கள். ஆண்களைத் தனியாகச் சோதித்தால் பி மதிப்பு 0.04, பெண்களைத் தனியாகச் சோதித்தால் 0.06 என்று வந்தால், “ஆண்களிடம் வேலை செய்கிறது, பெண்களிடம் செய்யவில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டு குழுவின் விளைவையும் ஒன்றோடொன்று நேராக ஒப்பிட வேண்டும். புள்ளியியலில் இடைவினைச் சோதனை என்பார்கள். அதைச் செய்ய ஒவ்வொரு குழுவிலும் போதுமான ஆட்கள் வேண்டும். 30 பேரில் 4 பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்வதும், இருக்கும் வேறுபாட்டைப் பார்க்காமல் விடுவதைப் போலவே ஆளைப் பாதிக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்தும் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஐரோப்பிய அறிவியல் பதிப்பாசிரியர்கள் சங்கத்தின் சார்பில் 2016-ல் வந்த ‘சேகர்’ (SAGER) என்ற வழிகாட்டுதலும் முடிவுகளைப் பால்வாரியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. கட்டுரையில் இடமில்லையென்றால் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகப் போடலாம்: எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், ஒவ்வொரு குழுவிலும் சராசரி என்ன, இடையில் விலகிப்போனவர்கள் யார். உங்கள் ஒரு சிறிய ஆய்வு எதையும் நிரூபிக்காமல் போகலாம். ஆனால் சுங்கை பட்டாணியில் ஒருவரும் கிள்ளானில் ஒருவரும் அதே மாதிரி அட்டவணை போட்டிருந்தால், நாலாவதாக வருபவர் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம்.